செவ்வாய்க்கிழமைக் கண்ணீர்

“இன்னிக்கு அழுதியா?”

அக்கா இப்படிக் கேட்கும்போது அதில் பரிவு கிரிவு எதுவும் இருக்காது. பல் தேய்த்தாயா என்று கேட்கிற குரல்தான். கேட்ட கையோடு அடுத்ததும் வந்துவிடும். “வெங்காயம் நறுக்கினியா? எழுந்து ரெண்டு மணி நேரம் ஆச்சா? கண்ணுல மை கிய் ஏதாவது?” எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னால்தான் அந்த நாற்காலியில் இடம். இல்லையென்றால் வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சொந்தத் தங்கையாக இருந்தாலும் சரி, ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரே வந்து நின்றாலும் சரி.

செவ்வாய்க்கிழமை தவறாமல் தங்கை அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதெல்லாம் முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை விடிந்தால் அந்தக் கேள்வி எங்கிருந்தோ வந்து காதுக்குள் உட்கார்ந்துகொள்ளும். பல் தேய்த்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து, “இல்லக்கா” என்று நுரையோடு சொல்லிக்கொள்வாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் ரேடியோ. “அணைக்கப் பட்டனே வெக்காம அனுப்பிட்டாங்க” என்று அப்பா சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயருக்கு ஏற்றாற்போலப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. நடைமேடைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் சொல்லாமல் அங்கிருந்து ஒரு வண்டியும் கிளம்பியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அக்கா அப்படியே நேர்மாறு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட வாயால் கேட்கமாட்டாள். உப்பு ஜாடியைப் பார்ப்பாள், யாராவது புரிந்துகொண்டு நகர்த்த வேண்டும். படித்துப் படித்து, கான்டாக்ட் லென்ஸ் எதனால் செய்யலாம், அதன் மேல்பரப்பு எப்படி இருந்தால் கண் அதை ஏற்றுக்கொள்ளும் என்று ஆராய்கிற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களைப் பார்த்தும் உப்பு ஜாடியைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். அவர்களும் நகர்ந்துவிட்டார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரேடியோ கல்யாணமாகிப் போன புது வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து வாசற்படியில் நின்றாள்.

“உன் கண்ணீர் கொஞ்சம் வேணும்.”

“ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?” என்று ரேடியோ துணியைக் கீழே போட்டாள்.

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆராய்ச்சிக்கு. நாங்களா கலந்து வெக்கிற கண்ணீர்ல எல்லா லென்ஸும் நல்லாத்தான் இருக்கு. நிஜக் கண்ணீர் பட்டாதான் வேஷம் கலையுது. ஆபீஸ்ல கேட்டா ஆளாளுக்கு ஓடுறாங்க.”

“எவ்வளவு வேணும்? ஒரு தம்ளர் போதுமா? மாமியாரைப் பத்திப் பேசு, இப்பவே தரேன்.”

“அழற கண்ணீர் ஆகாது” என்றாள் அக்கா, சிரிக்காமல். “அது வெறும் தண்ணி. சும்மா இருக்கும்போது கண்ணுல நிக்குது பாரு, அதுலதான் சரக்கு இருக்கு. புரதம், கொழுப்பு, உப்பு எல்லாம். செவ்வாய்க்கிழமை காலைல வா. விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு வந்துடாதே, சாம்பிள் கெட்டுடும்.”

அக்கா வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு வந்து ரேடியோ கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்காகவே போனாள்.

நீளமான தாழ்வாரத்தின் கடைசி அறை. திரைச்சீலை எப்போதும் இழுத்துவிட்டிருக்கும். வெளிச்சம் பட்டால் கண் கலங்கிவிடுமாம். ஒரு மூலையில் பிரீசர் அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருக்கும். ஏதோ கண் மருத்துவமனை கழித்துப்போட்ட நாற்காலி, முகவாயை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி, உட்காரும் இடத்தில் தோல் வெடித்துப் பஞ்சு எட்டிப்பார்க்கும். ஸ்பிரிட் வாசனை. அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன் என்று சொல்லத்தக்க ஒரு கண்ணாடிக் குழாயை எடுப்பாள். அதன் நுனியைக் கீழிமையின் ஓரத்தில், கண்ணைத் தொடாமல், அங்கே நிற்கிற ஈரத்தில் மட்டும் வைப்பாள். ஈரம் தானாகக் குழாய்க்குள் ஏறும். எறும்பு ஏறுகிற வேகம். அது ஏறி முடிகிறவரை சிரிக்கக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது, முக்கியமாகப் பேசக் கூடாது.

ரேடியோவுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கேதான் ஒரு அதிசயம் நடந்தது. ரேடியோ வாயை மூடியதும் அக்கா வாயைத் திறந்தாள்.

யாருக்கும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். கருவிழிப் படலத்துக்கு இரத்தக் குழாய் கிடையாது, அது காற்றிலிருந்துதான் மூச்சு வாங்குகிறது என்று சொன்னாள். முன்பு செய்த லென்ஸ் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், ஆனால் காற்றைச் சரியாக விடாது. இப்போது வந்திருக்கும் சிலிகோன் காற்றைத் தாராளமாக விடும், ஆனால் அதற்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. கண்ணீரைத் தள்ளிவிட்டுக் கொழுப்பை இழுத்து மேலே பூசிக்கொள்ளும் என்று சொன்னாள். அதன்மேல் கண்ணீரோடு சிநேகம் பிடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய பூச்சு போட வேண்டும். அந்தப் பூச்சுதான் அக்காவின் வேலை. பூச்சு உரிந்துபோனது, சுருங்கிப்போனது, தலைவர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் “இன்னும் எத்தனை நாள்மா?” என்று கேட்டது, அன்றைக்கு மத்தியானம் கழிப்பறைக்குள் போய் நின்றது எல்லாவற்றையும், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், தங்கையின் கண்ணிமைக்கே சொல்கிற மாதிரி சொன்னாள்.

குழாயை எடுத்ததும் ரேடியோ அடக்கிவைத்ததைக் கொட்டுவாள்.

“அப்ப இந்த சிலிகோன் நல்ல மாப்பிள்ளை மாதிரிதான். பாக்க லட்சணம், சம்பாத்தியம் உண்டு, வீட்டு ஆளுங்களோட மட்டும் ஒட்டமாட்டான்.”

“ஒட்ட வெக்கத்தான் எனக்குச் சம்பளம்” என்பாள் அக்கா.

பிறகு அவளைத் திரைக்கு முன்னால் கூட்டிப்போவாள். ஒரு கேமரா லென்ஸைப் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அக்கா அதன்மேல் இப்போது எடுத்த கண்ணீரில் ஒரு துளி வைப்பாள். திரையில் அது பெரிதாகத் தெரியும்.

“மேடு மாதிரி உட்கார்ந்தா லென்ஸுக்கு அதைப் பிடிக்கல. பாய் விரிச்ச மாதிரி படர்ந்தா பிடிச்சுப்போச்சு. பாரு.”

முதல் வருடமெல்லாம் மேடுதான். உருண்டையாக, திமிராக உட்கார்ந்திருக்கும். “என் கண்ணீருக்கு உன்னை மாதிரியே அழுத்தம்” என்பாள் ரேடியோ. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மேடு கொஞ்சம் தாழ்ந்தது. இன்னொரு செவ்வாய்க்கிழமை இன்னும் கொஞ்சம். அக்காவின் முகத்தில் அப்போது வருகிற வெளிச்சத்தைப் பார்க்க ரேடியோ எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறி வருவாள்.

இந்த நேரத்தில்தான் அவள் வீட்டில் இடி விழுந்தது. அவள் வீட்டுக்காரர் வேலைக்கென்று கடல் தாண்டிப் போயிருந்தார். முதலில் நிறைய போன் வந்தது. பிறகு குறைந்தது. பிறகு அவருடைய கூட்டாளி ஒருவர் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அவர் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார் என்ற விஷயத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்கும் தெரியும். தெரிந்த அன்று வந்தாள். கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். “போனா போறான்” என்றாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். சமையலறை டப்பாக்களின் மூடிகளையெல்லாம் சரியாக மூடிவைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரேடியோ ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனபோது வழக்கமான கேள்வி வந்தது.

“இன்னிக்கு அழுதியா?”

“விடிய விடிய.”

“சரி, வீட்டுக்குப் போ” என்றாள் அக்கா. அவளை அனுப்பும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, ஆனாலும் அனுப்பிவிட்டாள். விதி விதிதான்.

அந்த ஒரு வாரம் ரேடியோவுக்கு ஒரு யுகம் மாதிரி போனது. வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. மைக்கில் பேசுவது பேச்சில் சேர்த்தி இல்லை. வண்டிகள் பதில் சொல்லாது. அந்த இருட்டறையும், ஸ்பிரிட் வாசனையும், கன்னத்துக்குப் பக்கத்தில் அக்காவின் கை வந்து நிற்கிற சூடும், யாரிடமும் சொல்லாததைத் தன் ஒருத்தியிடம் சொல்லும் அந்த அடங்கிய குரலும் இல்லாமல் தன்னால் வாரத்தைக் கடக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்துபோனது. அழுதால் அந்த நாற்காலி இல்லை. அப்படியானால் அழக் கூடாது.

முழுக்க அழாமல் இருப்பது நடக்கிற காரியமா? அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை கண் வீங்கியிருக்கக் கூடாதென்றால் திங்கட்கிழமையும் அழக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சமாக அழலாம். மற்ற பாக்கியெல்லாம் புதன்கிழமைக்கு. திங்கட்கிழமை சாயங்காலம் நெஞ்சை அடைத்துக்கொண்டு வரும்போது, “இரு, புதன்கிழமை பாத்துக்கலாம்” என்று தன்னையே அதட்டுவாள். குழந்தையிடம் சொல்கிற மாதிரி. அதுவும் கேட்டுக்கொள்ளும். புதன்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ் போட்டு, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே உட்கார்ந்து அழுவாள்.

“இன்னிக்கு அழுதியா?”

“இல்லக்கா.”

அது பொய்யில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைகூட அவள் தவறவில்லை. மழையில் வண்டி ஓடாத அன்று நடந்தே போனாள். அக்கா பேசிக்கொண்டே இருந்தாள், துளி தாழ்ந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒருநாள் திரையில் துளி வைத்த இடமே தெரியவில்லை. கண்ணாடிமேல் மூச்சு விட்டது போல, வழவழவென்று ஒரே சீராகப் படர்ந்து நின்றது. அக்கா தன் வாழ்நாளில் முதல் தடவையாக ரேடியோவைக் கட்டிப்பிடித்தாள். அவளுக்குக் கட்டிப்பிடிக்கவும் சரியாகத் தெரியவில்லை, முழங்கை குத்தியது.

அதற்கு மூன்று மாதம் கழித்துப் போன ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா கேள்வி கேட்கவில்லை. அவளே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், வெளியே எட்டிப்பார்க்கும் பஞ்சைப் பிய்த்துக்கொண்டு.

“முப்பது பேருக்குப் போட்டுப் பாத்தோம். மூணாம் நாளே பனி படிஞ்ச ஜன்னல் மாதிரி மங்கிடுச்சாம்.”

“எத்தனை பேருக்கு?”

“முப்பது பேருக்கும்.”

ரேடியோ திரையைக் காட்டினாள். “இங்க நல்லாத்தானேக்கா இருந்துச்சு? நானே பாத்தேனே!”

“அதான். நீதான் பாத்தே. உன்னோடதை மட்டும்தான் நானும் பாத்தேன்.” அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. “ஆளுக்கு ஆள் கண்ணீர் வேற வேற. வருஷா வருஷம் மாணவர்களுக்கு இதைப் பாடமா எடுக்கிறவ நான். ஆனா இங்க என்ன பண்ணியிருக்கேன்? மத்தவங்க ஒரு வாரம் வருவாங்க, நாலு வாரம் வரமாட்டாங்க. நீ மட்டும் தவறாம வந்தே. இருக்கிறதை வெச்சுப் பாத்துட்டே போனேன். எந்தப் பூச்சு உனக்கு ஒத்துப்போச்சோ அதை வெச்சுக்கிட்டேன், ஒத்துப்போகாததைத் தூக்கிப் போட்டேன். கடைசில பாரு ரேடியோ, கண்ணாடியே தேவைப்படாத ஒருத்தி கண்ணுக்குன்னு அளவெடுத்து ஒரு லென்ஸ் செஞ்சு வெச்சிருக்கேன். அவ்வளவு பொருத்தமா உலகத்துல யார்கிட்டயும் கிடையாது.”

“அப்ப நான் வந்ததுதான் தப்பா?”

“தப்பு உன்னோடது இல்லடி. நீ அப்பப்ப வராம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அவ்வளவுதான்.”

அக்கா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பரிசோதனையைப் பற்றிச் சொன்னாள். ரேடியோவுக்கும் அது தெரியும். ஆனாலும் அத்தனை திங்கட்கிழமையும் தொண்டைக்குள் பிடித்துவைத்தது ஒரே வரியில் வேண்டாத பொருளாகிப்போனதைப் போல இருந்தது. “சரிக்கா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பிறகு புது விதி வந்தது: நிறைய பேரிடம் எடுக்க வேண்டும், கலந்து பார்க்க வேண்டும், சொந்தக்காரர்களிடம் எடுக்கவே கூடாது. ரேடியோவுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் கடைசி நாட்களில் மருத்துவமனை வராந்தாவில் முறை வைத்து உட்கார்ந்தார்கள்; ஒருத்தி வந்தால் ஒருத்தி கிளம்புவாள். போனில் “சாப்பிட்டியா”, “உடம்பு எப்படி”. எதிர் நாற்காலியில் பேசாத ஒருத்தி இல்லாவிட்டால் அக்காவுக்குப் பேச்சு வராது. அக்கா பேசாவிட்டால் ரேடியோவுக்கு அவளிடம் பேச வாய் வராது. அக்காவின் பூச்சு பிறகு வேறு வடிவத்தில், வேறு ஆட்களின் கண்ணீரில் தேறி, எத்தனையோ பேர் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. பேருந்து நிலையத்தில் யாராவது பெண்பிள்ளை கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியால் லென்ஸைச் சரிசெய்வதைப் பார்த்தால், ரேடியோ மைக்கை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன மாதம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

“செவ்வாய்க்கிழமை காலைல வர முடியுமா?”

“எதுக்குக்கா?”

“இங்க புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா. ஆளைப் பாத்து, அவங்கவங்க கண்ணீருக்குத் தகுந்த மாதிரி பூச்சு போட முடியுமான்னு பாக்குறா. பழசைக் கிளறினப்ப உன் லென்ஸ் அவ கண்ணுல பட்டிருக்கு. நான் முட்டாள்தனமா செஞ்சதை அவ வேணும்னே செய்யப்போறாளாம். உன்னோடதை இப்ப ஒரு தடவை எடுத்துப் பாக்கணும்னா.”

“சொந்தக்காரங்ககிட்ட எடுக்கக் கூடாதே?”

“அவளுக்கு நீ சொந்தம் இல்லையே. ஆனா நான்தான் எடுப்பேன்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் ஓய்வு, யார் என்னை என்ன பண்ணப்போறாங்க?”

போனை வைத்த பிறகுதான் ரேடியோவுக்கு உறைத்தது. அவளிடம் கண்ணீர் இல்லை.

கொஞ்ச வருடமாகவே அப்படித்தான். வயசு திரும்பியதிலிருந்து கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி ஒரு உறுத்தல். கண் டாக்டர் இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி வைத்துவிட்டு எடுத்துப் பார்த்து, “காஞ்சு கிடக்கேம்மா” என்று உச்சுக்கொட்டினார். அதிலிருந்து சொட்டு மருந்துப் புட்டி கைப்பையிலேயே இருக்கிறது. மைக்குக்குப் பக்கத்தில் இன்னொன்று. சின்ன வயதில் புதன்கிழமைகளில் அளவில்லாமல் செலவழித்ததால் தீர்ந்துபோய்விட்டதோ என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வாள்.

அக்காவிடம் இதைச் சொல்லிவிடலாம். சொன்னால் அக்கா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். “ஓ, அப்படியா. சரி, அப்ப வேண்டாம்.” அக்காவின் மனசில் கெட்ட எண்ணம் இருக்காது; ஆனால் அப்படித்தான் சொல்வாள். அதற்கப்புறம் ஓய்வு, வீடு. அந்த அறை பூட்டப்படும். அக்காவைப் போய்ப் பார்க்க இந்த உலகத்தில் அவளுக்கு ஒரு காரணமும் மிஞ்சாது.

செவ்வாய்க்கிழமை ஆராய்ச்சிக்கூடத்தின் கழிப்பறைக்குள் புகுந்து, அண்ணாந்து, ஒவ்வொரு கண்ணிலும் நாலு சொட்டு விட்டுக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தாள். திருடப்போகிறவள் மாதிரி கதவைத் திறந்து தாழ்வாரத்தை எட்டிப்பார்த்தாள்.

அதே அறை. நாற்காலிக்குப் புதுத் தோல் போட்டிருந்தார்கள். பிரீசர் இப்போது முனகுவதில்லை. அக்காவின் தலை பஞ்சாக வெளுத்திருந்தது. அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மறந்திருக்கலாம், அல்லது கேட்கக் கூச்சமாக இருந்திருக்கலாம். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு குழாயை எடுத்தாள். நுனி பட்டதுதான் தாமதம், ஈரம் சர்ரென்று உச்சிவரை ஏறியது.

அக்கா குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ரேடியோவைப் பார்த்தாள்.

“இது கண்ணீர் இல்லடி. கடைச் சரக்கு.”

ரேடியோ தாங்கியிலிருந்து முகவாயை எடுத்தாள். “எப்படித் தெரிஞ்சுது?”

“இது இந்த அளவுக்குத்தான் பிசுபிசுக்கணும்னு முடிவு பண்ண கமிட்டில நானும் இருந்தேன்.” குழாயைத் தட்டில் போட்டாள். “எத்தனை வருஷமா வறட்சி?”

“நாலஞ்சு வருஷம் இருக்கும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா, வராதேன்னு சொல்லியிருப்பே.”

அக்கா மறுக்க வாயெடுத்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். “சொல்லியிருப்பேன்தான்” என்றாள்.

கண்ணை உப்புத் தண்ணீரால் கழுவிவிட்டாள். மருந்து முழுக்கப் போகக் காத்திருக்க வேண்டும் என்றாள். இருவரும் தாழ்வாரத்து இயந்திரத்தில் டீ எடுத்துவந்து ஜன்னலோரம் நின்று குடித்தார்கள். டீ, பேருக்குத்தான் டீ. “இது எந்தக் கமிட்டிக்கா?” என்று ரேடியோ கேட்டாள். அக்காவுக்குப் புரையேறியது.

மறுபடி நாற்காலி. அக்கா குழாயை எடுத்தாள், கொஞ்சம் தயங்கினாள். பிறகு அந்தப் பழைய குரலிலேயே கேட்டாள்.

“இன்னிக்கு அழுதியா?”

“எங்கக்கா? அழணும்னு உட்கார்ந்தாகூட வரமாட்டேங்குது.” ரேடியோ தாங்கியில் முகவாயை வைத்தாள். ஆனால் அவளால் வாயை மூட முடியவில்லை. “அப்பல்லாம் திங்கட்கிழமை நான் அழவே மாட்டேன், தெரியுமா? அவர் போன சமயத்துல. மறுநாள் நீ வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு அடக்கி வெச்சுப்பேன். எல்லாத்தையும் புதன்கிழமைக்குத் தள்ளிடுவேன்.”

அக்காவின் கை நடுவழியில் நின்றது.

“புதன்கிழமையா?”

“ஆமா. வேலை விட்டு வந்து.”

“ஒவ்வொரு புதன்கிழமையுமா?”

“ரெண்டு வருஷம்.”

அக்கா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். குழாயை இமையோரத்தில் வைத்தாள். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தாள். முன்பு போல எதையாவது சொல்வாள், புதுப் பெண்ணைப் பற்றியோ ஓய்வைப் பற்றியோ பேசுவாள் என்று ரேடியோ காத்திருந்தாள். அக்கா பேசவில்லை. குழாயின் அடியில் ஒரு நூல் அளவு ஏறி நின்றுவிட்டது.

அந்தப் பழைய லென்ஸை ஒரு சின்னப் புட்டியில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அக்கா அதை இடுக்கியால் எடுத்து அலசி, கேமரா முன்னால் வைத்தாள். கிடைத்த நூலிழைக் கண்ணீரை அதன்மேல் விட்டாள். இருவரும் திரைக்கு முன்னால் ஒட்டி நின்றார்கள்.

துளி படரவில்லை. முதல் வருடத்துத் துளி மாதிரி உருண்டு, திமிராக, மேடாக உட்கார்ந்திருந்தது.

“உனக்கும் ஆகலடி” என்றாள் அக்கா. “அந்தக் கண்ணீர் போயிடுச்சு. இப்ப இது உலகத்துல யாருக்குமே பொருந்தாது.”

ரேடியோதான் முதலில் சிரித்தாள். பிறகு அக்கா. திரையில் துளியும் சேர்ந்து நடுங்கியது. மேசையை யாரோ இடித்துவிட்டார்கள்.

வாசல்வரை அக்கா வந்தாள். “சொட்டு மருந்து நான் வேற தரேன், அதைப் போடு” என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரேடியோ ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு போனாள். கேட்ட கண்ணீரைக் கொடுத்தாயிற்று. அது எதற்கும் உதவாது என்றும் தெரிந்துபோயிற்று. இனி அக்காவுக்குத் தன்னிடம் எடுக்க எதுவுமில்லை.

மறுநாள், புதன்கிழமை மத்தியானம், பேருந்து நிலையத்தில் நல்ல கூட்டம். ரேடியோ மைக்கைப் பிடித்தபடி நிமிர்ந்தபோது, கண்ணாடி அறைக்கு நேர் எதிரே இருந்த நீள பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில், இரண்டு கையும் அதன்மேல்.

அக்கா பேருந்தில் வருகிறவளே இல்லை. ஆராய்ச்சிக்கூடத்து வேன் வீட்டு வாசலுக்கே வரும். இத்தனை வருடத்தில் தங்கை வேலை பார்க்கிற இடம் எப்படி இருக்கும் என்று அவள் எட்டிப்பார்த்ததும் இல்லை.

“என்னம்மா, நாலாம் மேடை வண்டியை ரெண்டுன்னு சொல்லிட்டீங்க” என்று பக்கத்து ஜன்னலிலிருந்து டிக்கெட் கொடுப்பவர் தலையை நீட்டினார். “ஜனங்க அலைபாயுது பாருங்க. உங்க வாய்ல தப்பு வந்து நான் பாத்ததே இல்லையே?”

ரேடியோ திருத்திச் சொன்னாள். குரல் கொஞ்சம் பிசிறியது. அறையை விட்டு எழுந்து போக முடியாது. மாற்று ஆள் வர நேரமிருந்தது. கையை அசைத்தாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். எதற்கு வந்தாய் என்று ரேடியோ கையாலேயே கேட்டாள். அக்கா உப்பு ஜாடியைப் பார்க்கிற அதே பார்வையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி என்று ரேடியோ வேலையைப் பார்த்தாள். ஒவ்வொரு வண்டியாகச் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி, ஒரு வார்த்தை விடாமல். இந்த முறை அக்காதான் பேசாமல் இருந்தாள், ரேடியோ பேசினாள். அக்காவின் வீட்டுப் பக்கம் போகும் வண்டி வந்தது. ரேடியோ அதை இரண்டு தடவை சொன்னாள். அக்கா எழுந்திருக்கவில்லை. அது போய், அடுத்தது வந்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. கண்ணுக்குச் சொட்டு விடும் நேரம் தாண்டிப்போயிருந்தது; மைக்குக்குப் பக்கத்தில் புட்டி அப்படியே கிடந்தது. ரேடியோவுக்குக் கண்ணில் உறுத்தலும் இல்லை, அதன் நினைவும் வரவில்லை.

மூன்றாவது வண்டி வந்து நின்றபோது அக்கா எழுந்தாள். புடவையை நீவிவிட்டுக்கொண்டாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து ஒரு கணம் நின்றாள், முகவாய்த் தாங்கிக்கு அந்தப் பக்கம் நிற்பாளே, அந்தத் தூரத்தில். ரேடியோவின் கண்களை மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்குக் கேட்க வேண்டிய அந்த ‘அழுதியா’வை அவள் கேட்கவில்லை. திரும்பி, கூட்டத்துக்குள் நடந்து, வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

ரேடியோ மைக்கின் பொத்தானில் விரலை வைத்தாள். அவள் சொல்லாமலேயே அந்த வண்டி கிளம்பிப் போனது.